அந்தத் தொப்பி எந்த நாட்டுடையது? குனாய்ச்சோவுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பான் பேரரசக் குடும்பத்தின் நிர்வாகத்தைக் கவனிக்கும் குனாய்ச்சோவின் பெருமதிப்பிற்குரிய தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம்.

இந்த மடலை ஜப்பானிய மொழியிலேயே எழுதியிருக்கலாம். பதினாறு ஆண்டுகளாகச் சென்னையில் அந்த மொழியைத்தான் கற்பித்து வருகிறேன். இரண்டு முறை தொடங்கியும் பார்த்தேன். உங்கள் அலுவலகத்துக்கு எழுதுவதென்றால் கெய்கோ என்னும் மரியாதை வழக்கில் எழுத வேண்டும். அதில் ஒவ்வொரு வினைச்சொல்லும் குனிந்து குனிந்து நிற்பதால், வாக்கியம் முடிவதற்குள் எதற்காகக் கோபப்பட்டேன் என்பதே மறந்துபோகிறது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். மரியாதைக்கு இதிலும் குறைவிருக்காது. கோபம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

அரசுமுறைப் பயணமாக வெளிநாடு செல்லும்போது உங்கள் அரச குடும்பத்துப் பெண்கள் அணியும் தொப்பியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதன் வழக்கங்கள் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது எழுதிய விதியா, எழுதாத வழக்கா என்பதும் உங்களுக்குத்தான் வெளிச்சம். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: அந்தத் தொப்பியை அணிவதா வேண்டாமா என்பதை அந்தத் தலைக்கு உரியவரிடமே விட்டுவிடுங்கள்.

போன மாதம் வகுப்பில் ஒரு புகைப்படத்தைத் திரையில் காட்டினேன். 2024 ஜூன் 25, லண்டன் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் வரவேற்பு முடிந்து, பேரரசி மசாக்கோ அரசி கமிலாவோடு குதிரை வண்டியில் அமர்ந்திருக்கும் படம். ‘இவர் என்ன அணிந்திருக்கிறார்?’ என்பது பயிற்சி. ஜப்பானிய மொழியின் அன்றாடப் பேச்சில் எல்லாவற்றையும் அணிவதற்கு ஒரே வினை போதாது. உடுப்புக்கு ‘கிரு’, காலணிக்கு ‘ஹக்கு’, தலையில் வைப்பதற்கு ‘கபுரு’. அந்த ஒரு படத்தை வைத்தே பாடம் முழுவதையும் நடத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். ‘கபுரு’வுக்கு வந்தபோது கடைசி வரிசை மாணவர் ஒருவர் கேட்டார்: “சென்செய், அது எந்த நாட்டுத் தொப்பி?”

ஐரோப்பாவுடையது என்றேன். “பக்கத்தில் இருப்பவர் அந்த ஊர்க்காரர், அவர் போட்டிருக்கிறார், சரி. இவர் ஏன்?” என்றார். வகுப்பு சிரித்தது. மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன்.

அன்றிரவு அந்தப் படத்தை நானே மறுபடி எடுத்துப் பார்த்தேன். தயவுசெய்து நீங்களும் ஒருமுறை பாருங்கள். குதிரையின் முடி பேரரசிக்கு ஒவ்வாது என்பதால் வண்டிக்குள் அவர் முகக்கவசம் அணிந்திருந்ததாகச் செய்திகள் சொல்லின. அதற்கு மேலே தொப்பி. காதுக்குப் பின்னால் முகக்கவசத்தின் நாடா. அதற்குச் சற்று மேலே, தொப்பி நழுவாமல் பிடித்திருக்கும் ஊசியோ, சீப்போ, முடிக்குள் மறைந்த எலாஸ்டிக்கோ. வண்டி குலுங்கும். தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும், ஜன்னலுக்கு வெளியே கையசைக்க வேண்டும். கீழ்ப்பாதியைக் கவசம் எடுத்துக்கொண்டது, மேற்பாதியைத் தொப்பி எடுத்துக்கொண்டது. அவருக்கென்று மிஞ்சியவை இரண்டு கண்கள். அவற்றை வைத்துக்கொண்டுதான் அவர் சிரித்தாக வேண்டும். அவ்வளவு தூரம் வந்தும், ஜப்பானின் முகம் என்று காட்டுவதற்கு அவருக்கு முகமே மிச்சமில்லை.

அவர் யார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2002 டிசம்பரில் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய் வந்தபின், 2013 ஏப்ரலில் நெதர்லாந்து செல்லும்வரை அரசுமுறையாக எந்த நாட்டுக்கும் போக முடியாமல் இருந்தவர். மன அழுத்தத்தால் வந்த நோயோடு அவர் எத்தனை ஆண்டுகள் போராடினார் என்பதற்கு உங்கள் அலுவலகத்தின் அறிக்கைகளே சாட்சி. அப்படிப்பட்டவர் ஒரு வெளிநாட்டு வண்டியில் ஒவ்வாமையையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடல்நலத்துக்காகப் போட்ட கவசம் ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். நலத்துக்கும் உதவாத, வெயிலுக்கும் உதவாத தொப்பியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அழகாக இருக்கிறது என்றார்கள். பேரரசரின் தலையிலோ ஒன்றுமே இல்லை. காற்று அவர் முடியைக் கலைத்தது, அவ்வளவுதான். அதனால் இரு நாட்டு உறவுக்குப் பங்கம் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

மாணவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகப் பழைய கதையைத் தேடிப் படித்தேன். 1886இல் மெய்ஜி பேரரசரின் மனைவி, பேரரசி ஷோக்கென் மேலைநாட்டு உடையில் பொதுவெளிக்கு வரத் தொடங்கினார். 1887 ஜனவரி 17 அன்று அதற்கான காரணத்தை எழுத்திலேயே வெளியிட்டார். பழங்கால ஜப்பானியப் பெண்கள் மேலுக்கு ஒன்றும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமாக இரண்டு உடுப்பு அணிந்தார்கள், மேலைநாட்டு உடையும் அப்படித்தான், ஆகவே இது நமக்கு அந்நியமல்ல என்று வாதாடினார். துணி மட்டும் உள்நாட்டு நெசவாக இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவருடைய வாதத்தை ஏற்கலாம், மறுக்கலாம். காரணம் என்று ஒன்றைச் சொன்னார் அல்லவா, அதற்காக அவரை வணங்குகிறேன். அதன்பின் ஏறக்குறைய 140 ஆண்டுகளாக யாரும் எதையும் சொன்னதாகத் தெரியவில்லை.

அப்போது வேறொரு காரணமும் இருந்தது. மேலை வல்லரசுகள் திணித்த சமமற்ற ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்கு ஜப்பான் ‘நாகரிகமடைந்த’ நாடு என்று காட்ட வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பெண்களின் உடுப்பு உடலுக்குக் கேடு என்று ஜெர்மன் மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ் எச்சரித்தபோது, கிமோனோவில் வந்தால் நம் பெண்களை மனிதர்களாக மதிப்பதில்லை, பொம்மைகளாகத்தான் பார்க்கிறார்கள் என்று ஜப்பானின் முதல் பிரதமர் இத்தோ ஹிரொபுமி பதில் சொன்னாராம். பிரிட்டனோடு புதிய ஒப்பந்தம் 1894இல் கையெழுத்தாயிற்று. சுங்கவரி விதிக்கும் முழு உரிமை 1911இல் திரும்பி வந்தது. அந்தத் தொப்பி எந்த வேலைக்காகத் தலையில் ஏறியதோ அந்த வேலை முடிந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தொப்பிக்கு மட்டும் இன்னும் யாரும் ஓய்வு உத்தரவு அனுப்பவில்லை போலிருக்கிறது. கோப்பு உங்கள் மேசையில்தான் எங்கோ இருக்க வேண்டும்.

தொப்பிகளின் மீது எனக்கு வெறுப்பு இல்லை, இதைச் சொல்லியாக வேண்டும். பாரிஸில் தொழில் பழகி வந்து, முந்தைய பேரரசியும் மசாக்கோவின் மாமியாருமான மிச்சிக்கோவுக்கு நெடுங்காலம் தொப்பி செய்து கொடுத்த ஹிராட்டா அக்கியோவின் கைவேலையைப் படங்களில் பார்த்து வியந்திருக்கிறேன். மிச்சிக்கோ அவர்கள் அணிந்த அந்தச் சின்னத் தட்டுத் தொப்பியைச் சொல்லுங்கள்! ஆப்பம் ஒன்றைக் கவிழ்த்து, கொண்டை ஓரமாகச் சாய்த்து வைத்ததைப் போல இருக்கும். நிழல் முகத்தில் விழாது. கும்பிட்டுக் குனிந்தாலும் நகராது. பார்க்க வந்தவர்களுக்கு முகம் முழுதாகத் தெரியும். தொப்பி இருக்கவும் வேண்டும், முகத்தை மறைக்கவும் கூடாது என்ற சிக்கலுக்கு இதைவிட நேர்த்தியான தீர்வு இருக்க முடியாது. எனக்கு என்னவோ, தொப்பியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட்டு, இனி எடுத்துவிடலாமா என்று ஒரு பெண் பல்லாண்டுகளாக மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்ததைப் போலத்தான் அது தோன்றுகிறது. இது என் கற்பனை. அவர் அப்படி எங்கும் சொன்னதில்லை.

1958இல் நிச்சய அறிவிப்பு நாளன்று அவருடைய கையுறை முழங்கையை எட்டவில்லை என்று குறை சொன்னார்கள். 1993 ஜனவரியில் எலுமிச்சை மஞ்சள் உடுப்போடு அதே நிறத் தொப்பி, வெள்ளைக் கையுறை என எல்லாம் அளவாக அணிந்து வந்த மசாக்கோ அவர்கள் மீது, வருங்காலக் கணவரைவிட 28 விநாடி கூடுதலாகப் பேசிவிட்டார் என்று குறை சொன்னார்கள். உடுப்பில் பிழை கிடைக்காவிட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஆகவே தொப்பி அவர்களைப் பழிச்சொல்லிலிருந்து காக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

1991 ஜூலையில் உன்சென் எரிமலை வெடிப்பால் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த முகாமில், அப்போதைய பேரரசரும் பேரரசி மிச்சிக்கோவும் தரையில் மண்டியிட்டு அவர்களின் கண்ணுக்கு நேராகப் பேசினார்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏழு வாரங்கள் தொடர்ந்து முகாம்களுக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் நோட்டோ தீபகற்பத்துக்குப் பேரரசி மசாக்கோ போனார். அங்கெல்லாம் தொப்பி எங்கே? வீடிழந்த முதியவளின் முன் தேவைப்படாத தொப்பி, வெளிநாட்டு அதிபரின் முன் மட்டும் ஏன் தேவைப்படுகிறது? யார் பார்வைக்காக அது?

2013 டிசம்பரில் பேரரசி மிச்சிக்கோவும் அவர் கணவரும் சென்னைக்கு வந்தார்கள். கலாக்ஷேத்ராவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் போனார்கள். நானும் சில மாணவர்களோடு சாலையோரம் காவலர்களின் முதுகுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நின்றிருந்தேன். கார் கடந்த அந்த ஒரு நொடியில் மிச்சிக்கோ அவர்கள் தொப்பி அணிந்திருந்தாரா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. கண்ணாடிக்குள் மெதுவாக அசைந்த கை தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தக் கையைப் பற்றித்தான் சொன்னேன்.

தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிமோனோ கட்டச் சொல்லுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. 2023 மே மாதம் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவுக்கு இப்போதைய பேரரசரின் தம்பி மனைவி, இளவரசி கிக்கோ கிமோனோவில்தான் போனார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அன்று அவரைச் சுற்றி எத்தனையோ தொப்பிகள். அவர் தலையில் ஒன்றும் இல்லை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தொப்பி இல்லாமலும் மரியாதை நிற்கும் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கட்டாயத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது என்னவென்று எங்களுக்கும் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஜப்பானிய விருந்தினர் வரும் நாளெல்லாம் ஆசிரியைகள் பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து வர வேண்டும் என்று சுற்றறிக்கை வரும். ஆசிரியர்களுக்கு எதுவும் வராது. அவர்கள் அரைக்கைச் சட்டையில் வந்து நிற்பார்கள். நாங்கள் மே மாதத்து வெயிலில் காஞ்சிபுரம் பட்டில் வாசலில் நின்று பண்பாட்டைக் காப்பாற்றுவோம்.

காப்பாற்றும் பொறுப்பு எப்போதும் பெண்களின் தலையிலும் தோளிலும்தான். அதிகாரத்தின் வாசலில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. 2019 மே 1 அன்று அரச வாளும் மணிக்கல்லும் புதிய பேரரசரிடம் ஒப்படைக்கப்பட்ட சடங்கில், அவருடைய மனைவியே இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டு அரச குடும்பச் சட்டப்படி அவர்களுடைய ஒரே மகள் அரியணை ஏற முடியாது. சாதாரணக் குடிமகன் ஒருவரை மணந்தால் குடும்பத்தை விட்டே போக வேண்டும். நாட்டைப் பார்க்க நிற்கும்போது அவர்கள் வேண்டும், நாட்டை ஏற்க நிற்கும்போது வேண்டாம். அதைத் தீர்மானிக்கும் இடம் நாடாளுமன்றம், நீங்கள் அல்ல என்பீர்கள். தெரியும். அரியணை உங்கள் கையில் இல்லை. தொப்பியாவது இருக்கிறதா?

மன்னிக்க வேண்டும். சொல்ல வந்ததை விட்டு வெகுதூரம் போய்விட்டேன். கெய்கோவில் எழுதியிருந்தால் இப்படி நேர்ந்திருக்காது.

அந்த லண்டன் பயணத்திலேயே இன்னொரு படமும் உண்டு. ஜூன் 28 அன்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் பேரரசிக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. வெளியுறவுத் துறையின் இளம் அதிகாரியாக அவர் படித்த அதே ஊர். சிவப்பு அங்கியும் கறுப்புத் தொப்பியுமாக நிற்கிறார். முகம் முழுதாகத் தெரிகிறது. சிரிப்பு கண்ணோடு நின்றுவிடவில்லை. அந்தத் தொப்பி யாருடையது என்று எந்த மாணவரும் என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பயணத்துக்கான ஏற்பாடுகளைச் செய்யும்போது, பேரரசியிடமும் இளவரசிகளிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: தொப்பி வேண்டுமா? வேண்டும் என்றால் மகிழ்ச்சி. ஹிராட்டாவின் வழிவந்த கைகளுக்கு வேலை இருக்கட்டும். வேண்டாம் என்றால், அதையும் அதே மரியாதையோடு குறித்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்காதீர்கள். போடுவதற்கு நீங்கள் காரணம் சொல்லவில்லையே.

அடுத்த வாரம் அதே படத்தை மறுபடி வகுப்பில் காட்டப் போகிறேன். ‘கிரு’, ‘ஹக்கு’, ‘கபுரு’ என்று அணிவதற்கு மூன்று வினைகள் இருந்தாலும், மூன்றையும் கழற்றுவதற்கு ‘நுகு’ என்ற ஒரே வினை போதும் என்பதை இன்னும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் பதிலுக்காகத்தான் அந்தப் பாடத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
ஜப்பானிய மொழி ஆசிரியை ஒருத்தி,
சென்னை