வாரக் கூலி வீட்டுக்கு மாத பட்ஜெட் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடும்ப பட்ஜெட் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு என்று பிரிக்கச் சொல்கிறார்கள். ஒன்றாம் தேதி வங்கியில் சம்பளம் விழும் வீட்டுக்கு அது சரி. கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவும் கேரளத்தின் இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு அது ஒத்துவராது. இங்கே காசு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. அதுவும் எல்லா வாரமும் ஒரே மாதிரி வருவதில்லை. காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் ஆறு நாள் வேலை; பங்குனி, சித்திரையில் மூன்று நாள் கிடைத்தால் பெரிது; மழை வலுத்து மலைப்பாதையில் மண் சரிந்தால் அந்த வாரமே போச்சு. மகளிர் குழுக்களில் கணக்கு எழுதுகிறவர்கள் பார்த்துப் பழகிய சில விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

பட்ஜெட் போடுவதற்கு முன்னால் ஐந்து வாரம் செலவை எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த ஐந்து வாரமும் சிக்கனம் பிடிக்கக் கூடாது. நோட்டைத் திறந்த அன்றே கையை இறுக்கினால் வழக்கமான செலவு எவ்வளவு என்பது கடைசி வரை தெரியாது. ஐந்து வாரம் என்றால் வாடகை ஒருமுறையாவது உள்ளே வந்துவிடும், பெரும்பாலும் ஒரு விசேஷமும் வரும். நாற்பது பக்க நோட்டில் நாலு கட்டம் போதும்: தேதி, என்ன செலவு, எவ்வளவு, யார் கையால். நாலாவது கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர் கடைச் செலவை எழுதுகிறார். மலைக்குப் போனவர் குடித்த டீ, பரோட்டா, பீடிக்கட்டு, செல்போன் ரீசார்ஜ் எதுவும் நோட்டுக்கு வருவதில்லை. சண்டை போடுவதற்காக அந்தக் கட்டத்தைச் சொல்லவில்லை. யார் பக்கத்துச் செலவு எழுதப்படவில்லை என்று பார்க்கத்தான்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. சம்பளம் வாங்கிய இரவு கையிருப்பை எண்ணி எழுதுங்கள். அடுத்த சம்பளத்துக்கு முந்தின இரவு மறுபடி எண்ணுங்கள். முதல் தொகையில் எழுதிய செலவைக் கழித்தால் வருவதும் கையில் இருப்பதும் எவ்வளவு இடிக்கிறதோ அவ்வளவும் எழுதாமல் விட்டது. 6,000 ரூபாயில் 200, 300 இடித்தால் விட்டுத் தள்ளுங்கள். ரூபாய்க்கு ரூபாய் நேர் செய்யப் போய்த்தான் பலர் மூன்றாம் வாரமே நோட்டைப் பரணில் போடுகிறார்கள். 1,000 இடித்தால் தேட வேண்டும். 'இதர செலவு' என்று ஒரு தலைப்பு வைக்கவே வைக்காதீர்கள்; எழுதக் கூச்சப்படும் எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போனில் கட்டும் காசுக்கு பாஸ்புக் இருக்கிறதே என்பார்கள். சாதாரண யுபிஐ என்றால் பாஸ்புக்கில் வரும், உண்மைதான். யுபிஐ லைட் அப்படியில்லை. அதில் 1,000 ரூபாய் ஏற்றினால் அந்த 1,000 மட்டும் பாஸ்புக்கில் ஒரு வரியாக இருக்கும். பிறகு 20, 30 என்று கட்டியதெல்லாம் ஆப்புக்குள் மட்டும்தான் தெரியும். அதை வாரம் ஒருமுறை திறந்து பார்த்து நோட்டில் ஏற்ற வேண்டும்.

இனி பட்ஜெட். ஒரு நாள் கூலி 500 என்று வைத்துக்கொள்வோம், வீட்டில் இரண்டு பேர் போகிறார்கள். ஆறு நாள் வேலை உள்ள வாரத்தில் 6,000, மூன்று நாள் வாரத்தில் 3,000. நல்ல வாரம் 30, மந்தமான வாரம் 22 என்றால் வருஷ வருமானம் 1,80,000-மும் 66,000-மும் சேர்த்து 2,46,000. இதை 52-ஆல் வகுத்தால் 4,730. அந்த வீட்டின் வாரச் சம்பளம் 4,700 ரூபாய்தான். கையில் 6,000 வாங்குகிற வாரத்தில் 1,300 அந்த வீட்டுப் பணமே இல்லை, பங்குனியின் பணம். 30 வாரம் 1,300 எடுத்துவைத்தால் 39,000 சேரும்; மந்தமான 22 வாரமும் வாரத்துக்கு 1,700 எடுத்தால் 37,400. கணக்கு நிற்கிறது. உங்கள் கூலியும் வேலை நாளும் வேறாக இருக்கும், எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வேலை நாள் தெரியவில்லை என்றால் போன வருஷ காலண்டரில் போட்ட டிக்கை எண்ணினால் போதும். பல வீடுகளில் அது இருக்கும்.

அடுத்தது வருஷச் செலவு. இங்கேதான் பெரும்பாலான வீடுகள் தடுக்கி விழுகின்றன. 'திடீர்னு வந்திருச்சு' என்று சொல்லும் செலவில் முக்கால்வாசி திடீர்ச் செலவே இல்லை. தீபாவளி வருஷா வருஷம் வருகிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா சித்திரையில், வேலை குறைந்த நேரம் பார்த்து வருகிறது. அது முடிந்த கையோடு ஜூனில் பள்ளி திறக்கிறார்கள். பைக் இன்சூரன்ஸுக்கு நாள் குறித்திருக்கிறது. செய்முறை, அதாவது சொந்தபந்தங்களின் விசேஷத்துக்கு வைக்கும் மொய்யும் சீரும் மட்டும்தான் நம் கையில் இல்லாதது போலத் தெரியும். மொய் நோட்டைப் புரட்டினால் அதுவும் பாதி தெரிந்துவிடும். நம் வீட்டுக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் யார் எவ்வளவு செய்தார்கள், அவர்களில் யார் வீட்டில் வயதுப் பிள்ளை இருக்கிறது என்று பார்த்தால் வரப்போகும் தை, மாசி, வைகாசி, ஆவணிக்கு ஒரு தொகை கிடைக்கும். தாய்மாமன் சீர் இருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள், மற்றதோடு கலந்தால் கணக்கையே விழுங்கிவிடும். செய்முறை 18,000, பள்ளி 9,000, தீபாவளி 8,000, மருத்துவம் 6,000, திருவிழா 4,000, பைக் 3,500 என்றால் மொத்தம் 48,500. வாரத்துக்கு 930 ரூபாய்.

வாடகை மாதம் 4,000 என்றால் வாரம் 1,000 எடுத்துவையுங்கள். மாதத்துக்கு நாலு வாரம் என்று நாம் சொன்னாலும் வருஷத்துக்கு 48 வாரம் இல்லை, 52. நாலு வாரம் மிஞ்சும், வருஷக் கடைசியில் ஒரு மாத வாடகை கையில் நிற்கும். மாதாந்திரக் கட்டணம் எல்லாவற்றையும் இப்படி நாலால் வகுப்பது நல்லது. வாரச் செலவை நாலால் பெருக்கி மாதச் செலவு என்று முடிவு கட்டுவதுதான் தப்பு. அங்கே அதே நாலு வாரம் கையைக் கடிக்கும்.

ஆக 4,700-ல் 930-ம் 1,000-மும் போக மிச்சம் 2,770. பலசரக்கு, காய்கறி, கறி, கேஸ், கரண்டு, டீ, தவணை எல்லாம் இதற்குள். 6,000 சம்பளம் வாங்கும் வீட்டில் நோட்டுப் போட்டவுடன் முதலில் வருவது இந்த அதிர்ச்சிதான். ரேஷனில் 30 ரூபாய் துவரம்பருப்பையும் 25 ரூபாய் பாமாயிலையும் மாதத் தொடக்கத்திலேயே வாங்காமல் விட்டு, கடையில் பற்று எழுதி வாங்குவது எத்தனை பெரிய நஷ்டம் என்று அப்போதுதான் உறைக்கும். பற்று நோட்டில் தொகை மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சரக்கும் எடையும் எழுதச் சொல்லுங்கள். குமுளி, கட்டப்பனை பக்கம் அறை எடுத்துத் தங்கி வாரக் கடைசியில் இறங்கி வருபவர்களுக்கு இரண்டு அடுப்பு. அவர்கள் மலைச் செலவுக்குத் தனி நோட்டு வைக்க வேண்டும். சொந்த பைக்கில் போகிறவர்கள் இங்கேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு ஏறுவது லாபம். கேரளத்தில் 2023-ல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி வேறு சேர்த்தார்கள்.

அந்த 1,300-ஐயும் 930-ஐயும் எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் தங்காது. செல்போன் ஆப்போடு இணைத்த கணக்கிலும் தங்காது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம், வட்டி 4 சதவீதம். வேலைக்குப் போகிறவர் தபால் ஆபீஸ் நேரத்துக்குப் போக முடியாது என்பதுதான் சங்கடம், வீட்டில் இருக்கும் பெரியவர் பெயரில் இருந்தால் நடக்கும். குழுச் சேமிப்பு நல்லது. நகைச்சீட்டு இதற்கு உதவாது. முடிவில் காசாகத் தர மாட்டார்கள், நகைதான் கிடைக்கும். சேதாரமும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் கொடுத்து வாங்கிய நகையைப் பங்குனியில் அடகு வைத்து வட்டியும் கட்டுவது இரட்டைச் செலவு.

மே கடைசி வாரத்தில் இன்னொரு கவனம் தேவை. பிரதமர் பெயரிலான இரண்டு காப்பீடுகளுக்கும் பிரீமியம் அப்போதுதான் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும்: ஆயுள் காப்பீட்டுக்கு 436, விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். வருஷத்திலேயே கணக்கு காலியாகக் கிடக்கும் நேரம் அது. இருப்பு இல்லாவிட்டால் ஜூன் 1 முதல் காப்பீடு இல்லை. தினமும் ஜீப்பில் மலை ஏறி இறங்குகிறவருக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு 20 ரூபாய்க்காகப் போகக் கூடாது. ஆளுக்கு 456 ரூபாயை மே 25-க்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கடன். வாரத் தண்டலில் 10,000 எழுதி, 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, பத்து வாரம் 1,000 வசூலிக்கிறார்கள். 'பத்து பர்சென்ட்தானே' என்பார்கள். வாரா வாரம் முதலும் திரும்பிப் போகிறது. பத்து வாரத்தில் சராசரியாக நம்மிடம் இருப்பது ஏறத்தாழ 5,000 மட்டுமே. அதற்கு 1,000 வட்டி என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. நம் வழக்கில் மாதக் கணக்காகச் சொன்னால் எட்டு வட்டிக்கு மேல். இரண்டு வட்டி, மூன்று வட்டி என்றால் பயப்படுகிறவர்கள் இதை யோசிக்காமல் வாங்குகிறார்கள்.

மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி ஒன்று இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு, எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது. பிரச்சினை, எந்த வருமானத்தில் பாதி என்பது. காய் எடுப்பு நேரத்தில் வந்து கேட்கும்போது வாரம் 6,000 என்று சொன்னால், மாதத்துக்கு நாலு வாரம் என்று கணக்குப் போட்டு வாரம் 3,000 தவணை வரை கடன் எழுதிவிடலாம். மந்தமான வாரத்தின் முழுக் கூலியே அதுதான். கேட்டால் 4,700 என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும். அப்போதும் பாதி என்பது விதி தரும் உச்சவரம்பு. மேலே போட்ட கணக்கில் 2,770 மட்டுமே மிஞ்சும் வீடு வாரம் 700-க்கு மேல் தவணை தாங்காது.

கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை கூலி வாங்கும் ஊரில் புதன், வியாழனில் தவணைக் கூட்டம் வைப்பதால்தான் தவணைக்காகத் தண்டல் வாங்குகிறார்கள். கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றினால் வசூலும் ஒழுங்காக நடக்கும். குழுக்கள் கடன் வாங்கும் அன்றே, கையெழுத்துப் போடுமுன், இதை எழுத்தில் கேட்க வேண்டும். பாதியில் கேட்டால் மாற்றுவதில்லை.

இப்படிக்கு,
குழுக் கணக்கு எழுதும் வாசகர்,
கூடலூர், தேனி மாவட்டம்.