கேப் டவுன்ல கத்தி சண்டை பழகுற என் மகளுக்கு

கண்ணு,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துல, ஹாம்லெட்டோட மோதுற லேயர்டீஸ் வேஷம் உனக்கு, கடைசி சீன்ல இரும்பு கத்தியோட சண்டைன்னு சொன்னதும் அம்மா அடுப்ப அணைச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டா, எனக்கு தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. இங்க டர்பன்ல, நம்ம சாட்ஸ்வர்த்ல பெரியவங்க சிக்ஸ் ஃபுட் டான்ஸ்னு சொல்வாங்களே, அது நம்ம தெருக்கூத்துதான், 1860க்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க கூடவே கொண்டு வந்தது. தாத்தா அர்ஜுனன் வேஷம் கட்டி விடிய விடிய ஆடுவாரு.

நானும் ஆடியிருக்கேன், உன்கிட்ட முழுசா சொன்னதில்ல. 1982, எனக்கு 19 வயசு. மரக் கத்திதான், மேல வெள்ளி பேப்பர் ஒட்டியிருப்போம். அன்னைக்கு மத்தளம் வேகமா போக நானும் அந்த வேகத்துல வீசிட்டேன், எதிர்ல ஆடுனவன் அப்போதான் திரும்புறான், நான் அவன் மூஞ்சிய பாக்கவே இல்லம்மா, புருவத்துக்கு மேல மூணு தையல். கண்ணு தப்புச்சு. இன்னைக்கும் அந்த தழும்ப பாத்தா எனக்கு வயித்த பெசையும்.

கூத்துல தாளம்தான் கைய நடத்தும், உங்க சண்டைல தாளம் கெடையாது. அதனாலதான் அடி வாங்குறவங்கதான் சண்டைய நடத்துறாங்கன்னு உங்க மாஸ்டர் சொல்லியிருக்காரு. ஹாம்லெட்டா நடிக்கிற பையன் ரெடியான்னு அவன் கண்ணுல தெரியணும், அதுக்கப்புறம்தான் உன் கை கெளம்பணும். கைய முழுசா நீட்டுனாலும் கத்தி முனை அவன் ஒடம்புக்கு எட்டாத தூரத்துல நின்னுக்கோ, மூஞ்சிக்கு நேரா மட்டும் கொண்டு போகவே போகாத. பாதி வேகத்துல பத்து நாள் தப்பில்லாம வந்தா போதும், கோவம் உன் மூஞ்சில இருக்கட்டும், கையில வேணாம்.

எனக்கு ரொம்ப கவலை அந்த கத்தி கை மாறுற எடம்தான். லேயர்டீஸோட விஷக் கத்தி ஹாம்லெட் கைக்கு போகுதில்ல, அந்த நேரம் ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கும், உள்ளங்கை வேர்த்து வழுக்கும். அத மட்டும் தனியா பழகுங்க, சட்டைல கைய தொடைக்கிறதயும் நடிப்புலயே சேத்துக்கோ.

இன்னொன்னு. இரும்புல இரும்பு பட்டா விளிம்புல பிசிறு வரும், அது கைய கிழிச்சிடும், ரிகர்சல் முடிஞ்சதும் யாராவது அரம் போடுறாங்களான்னு கேளு. ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னாடி சண்டைய மெதுவா ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும், டைம் இல்ல இன்னைக்கு விட்டுடலாம்னு யாரு சொன்னாலும் நீ கத்திய எடுக்காத. வேஷம் போனா போகட்டும், அப்பா இருக்கேன்.

நாங்க ரெண்டு பேரும் பஸ்ல வர்றோம், டிக்கெட் இப்பவே போட்டாத்தான் மலிவா கெடைக்கும், தேதி சொல்லு. நாளைக்கு ரிகர்சலுக்கு முன்னாடி கத்தி பிடி ஆடுதான்னு அசைச்சுப் பாத்துட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அப்பா