டெய்லர் மாமாவுக்கும் ஊருக்கும் ஒரு நன்றி மடல்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, கடற்கரைக்குப் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி எஞ்சின் நிலவரம் விசாரிக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். என்ன நடந்தது, எதை எடுத்தார்கள், நாங்கள் எப்படிக் கிடந்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கும் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

முதல் நன்றி டெய்லர் மாமாவுக்கு.

அறுவைக்குத் தேதி குறித்த பிறகு அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். விலாவில் குழாய் இருக்கும், கையை மேலே தூக்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் முன்பக்கம் முழுதாகத் திறக்கிற, பக்கவாட்டில் நாடா போட்டுக் கட்டுகிற மாதிரி சட்டை வேண்டும். மாமா கடையைச் சாத்திவிட்டு அளவு நோட்டோடு வந்தார். அந்த நோட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அட்டை கிழிந்து, அதன் மேல் சட்டைத் துணியை ஒட்டித் தைத்த நீள நோட்டு. ஊரில் பாதிப் பேரின் தோளும் இடுப்பும் அதில்தான் இருக்கின்றன. அப்பாவுக்கு அளவெடுத்து எழுதினார். பிறகு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, தீபாவளிச் சட்டைக்கு எடுத்த அளவைத் தேடிப் பிடித்தார். இரண்டையும் பார்த்துவிட்டு, பேசாமல் டேப்பை எடுத்து மறுபடியும் அப்பாவின் மேல்கையைச் சுற்றினார்.

“மாப்பிள்ளை, வயிறு அப்படியே இருக்கிறது. கைச்சுற்று ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது. தோளும் இறங்கியிருக்கிறது. சோறு குறைந்து இளைக்கிற ஆளுக்கு வயிறுதான் முதலில் வற்றும். இது வேறு என்னவோ” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “மருமகளே, இந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டு” என்றார்.

எடை பார்க்கும் எந்திரத்தில் அப்பாவுக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு ஈடுகட்டிக்கொண்டிருந்தால் முள் நகராது. டேப்தான் காட்டிக்கொடுத்தது.

மதுரையில் டாக்டர் அந்தப் போட்டோவை ஒதுக்கித் தள்ளவில்லை. அவருக்கும் என் நன்றி. நோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுத்திருந்த ஸ்கேனை மறுபடியும் திறந்து, இடுப்புப் பகுதி முதுகெலும்பில் மூன்றாவது எலும்பின் மட்டத்தில் தசை எவ்வளவு பரப்புக்கு இருக்கிறது என்று பார்த்தார். உடம்பின் மொத்தத் தசையை அந்த ஒரு குறுக்குவெட்டைக் கொண்டே ஓரளவு மதிப்பிடலாமாம். கையால் இறுக்கிப் பிடிக்கிற ஒரு கருவியைக் கொடுத்தார்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார்கள். ஆசிய நாட்டு நிபுணர் குழு 2019இல் வகுத்த வரம்புகளைச் சொன்னார்கள்: பிடிவலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறையக் கூடாது, ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடி ஆகக் கூடாது. விசைப்படகு எஞ்சினைத் தனி ஆளாகப் புரட்டிப் போட்ட என் அப்பா இரண்டிலும் தவறினார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

தசையும் அதன் வலுவும் இப்படிக் குறைந்துபோவதற்கு சார்கோபீனியா என்று பெயர். வயதாலும் வரும், புற்றுநோயாலும் வரும், இரண்டும் சேர்ந்தால் வேகமாக வரும். தசை குறைந்தவர்களுக்கு நுரையீரல் அறுவைக்குப் பிறகு சிக்கல்கள் கூடுதலாக வருவதையும், ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாள் நீளுவதையும், பிந்தைய ஆயுளே குறைவதையும் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. டாக்டர் எங்களுக்கு விளக்கியது எளிமையாக இருந்தது. அறுவை முடிந்ததும் நெஞ்சில் சளி கட்டும். அதை இருமித் துப்ப வயிற்றுத் தசையும் விலாத் தசையும் வேண்டும். துப்ப முடியாதவருக்குச் சளி தேங்கி நிமோனியா வரும். எழுந்து நடக்கக் காலில் வலு வேண்டும். நடக்க முடியாதவர் படுக்கையிலேயே கிடப்பார். படுக்கை மிச்சமிருக்கும் தசையையும் தின்றுவிடும். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எஞ்சினில் கை வைப்பதற்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கும் கட்டை உறுதியாக இருக்கிறதா என்றுதான் நானும் பார்ப்பேன்” என்றார். அதோடு ஒத்துக்கொண்டார்.

அறுவையைச் சில வாரம் தள்ளி வைத்தார்கள். எல்லோருக்கும் இப்படித் தள்ள முடியாது. கட்டியின் நிலையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் நிலையில் அது முடிந்தது. அந்த வாரங்களில் காலையும் மாலையும் நடை, நாற்காலியில் எழுந்து உட்காருவது, மூன்று பந்து எழும்பும் கருவியில் மூச்சுப் பயிற்சி. சாப்பாட்டில்தான் பெரிய போராட்டம். புற்றுநோய் உள்ளவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்றார் உணவு ஆலோசகர். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். நம் ஊரிலோ உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சியும் துவையலும். மீன் சூடு, முட்டை மந்தம் என்று ஆளாளுக்குப் பத்தியம் சொல்வார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், அது வேறு. அப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. காலையில் முட்டையும் சுண்டலும், மதியம் மீன், ராத்திரியில் பால்சுறாப் புட்டோ பயறோ. அம்மா கணக்குப் பார்த்துக் கணக்குப் பார்த்துப் போட்டார்.

அறுவைக்கு மறுநாளே அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினார். அந்தச் சத்தம் வார்டு வாசல் வரை கேட்டது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இருமுகிறாரே என்கிற சந்தோஷம்.

ஊருக்கு வந்த பிறகும் மாமா விடவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் நேராக எங்கள் வீடுதான். கெண்டைக்கால் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று நான் ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டார். காலமெல்லாம் அங்குலத்தில் தைத்தவர், டேப்பைத் திருப்பி மறுபக்கத்தில் படித்தார். கெண்டைக்காலின் தடித்த இடத்தை மேலும் கீழும் தேடி, டேப் சதையை அமுக்காமலும் தொங்காமலும் நிற்கும்படி வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்ப்பார். ஒருநாள் அப்பா, “ஒரு விரல் விட்டு அளந்தால் என்ன, கூடக் காட்டுமே” என்று கேட்டார். “துணிக்கு விரல் விடுவேன் மாப்பிள்ளை, சதைக்கு விடமாட்டேன்” என்றார் மாமா. அளவு இறங்கிய வாரத்தில் அதை அப்பாவின் முகத்துக்கு நேராகவே மாமா சொன்னார். ஏறிய வாரத்தில் நோட்டில் பென்சிலால் எழுதி, அதன் மேல் பேனாவால் இன்னொரு முறை எழுதினார்.

பிசியோதெரபி செய்பவர் சொன்ன பயிற்சியை அப்பா சில நாள் எங்களிடம் சாக்குச் சொல்லித் தட்டியிருக்கிறார். வியாழக்கிழமை மட்டும் ஒருபோதும் தட்டியதில்லை.

மாமா, உங்கள் தொழிலில் நாற்பது பேர் காத்திருக்கிற பெருநாள் நெருக்கத்திலும் நீங்கள் வந்தீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. தைக்க வந்த இடத்தில் தைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் பழைய பக்கத்தைப் புரட்டினீர்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா ஐந்து வேளையும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றுவேன் என்கிறார். வேளைக் கணக்கை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாராம்.

மற்றவர்களைச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னியுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுத வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றி எஞ்சின் வேலை பார்க்கிற காலம், அப்பாவின் வருடச் சம்பாத்தியமே அப்போதுதான். அவர் ஒப்புக்கொண்ட வேலைகளைச் செய்து முடித்து, கூலியை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போன மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு நன்றி. மீன் விலை ஏறிக் கிடந்த அந்த நாட்களில், நாட்டுப்படகில் போய் வந்து நகரை மீனையும் பாறை மீனையும் வாசலில் வைத்துவிட்டுப் போனவர்களுக்கு நன்றி. பெயர் சொல்லாமல் வைத்தீர்கள், ஆனாலும் யார் யார் என்று அம்மாவுக்குத் தெரியும். ரத்தம் கொடுக்க மதுரைக்கு வந்த தம்பிகளுக்கும், வார்டில் சகோதரிகளாக இருந்த செவிலியருக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து பயிற்சி கொடுத்தவருக்கும், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்களுக்கும், ஏர்வாடி தர்காவில் துஆ கேட்டவர்களுக்கும், ராமநாதசுவாமி சன்னதியில் அர்ச்சனை செய்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நான் ஒன்றை முடிவு செய்திருக்கிறேன். மாமாவிடம் கேட்டு ஒரு டேப் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது பெரிய அறுவை என்று தேதி குறித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். கெண்டைக்காலை அளந்து, நாற்காலியில் எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, ஒரு தாளில் எழுதித் தருகிறேன். டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டி, “தசை எப்படி இருக்கிறது என்று பாருங்கள்” என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்கத் தயக்கமாக இருந்தால் நானே கூட வருகிறேன். கிழக்குத் தெருப் பெரியம்மாவுக்கு இடுப்பு அறுவை என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், வீட்டில் இருங்கள் பெரியம்மா.

இப்படிக்கு,
மெக்கானிக் வீட்டு மூத்த மகள்,
பாம்பன்