விதிப்படி பழுதுபார்ப்பதை 'மேம்பாடு' என்று வெட்டியதற்கு ஆட்சேபம்

அனுப்புநர்: வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிதாரர்

பெறுநர்: மேலாளர், இழப்பீட்டுப் பிரிவு

பொருள்: தீ விபத்து இழப்பீட்டில் கட்டட விதிச் செலவுகள் மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் சமையலறையில் ஏற்பட்ட தீ விபத்துக்காக நீங்கள் அனுப்பிய தீர்வுக் கடிதம் கிடைத்தது. "கட்டட விதிகளின் பேரில் கோரப்படும் பணிகள் மேம்பாடு என்பதால் அனுமதிக்கப்படவில்லை" என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியிலேயே என் கோரிக்கைத் தொகையில் பாதிக்கு மேல் போய்விட்டது. இதை நான் ஏற்கவில்லை.

முதலில் கூரைத் தளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சர்வேயர் வந்தபோது நானும் உடன் இருந்தேன். கரி படிந்த தளத்தை நிலைப்படியில் நின்றே அண்ணாந்து பார்த்தார். நான்கைந்து படம் எடுத்துக்கொண்டு, "சுரண்டிப் பூசி வெள்ளையடித்தால் சரியாகிவிடும்" என்றார். ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன், அவர் ஏறவில்லை. அடுத்த வாரம் நான் அழைத்துவந்த கட்டமைப்புப் பொறியாளர் ஏறினார். சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தபோது சுவரோரம் கணீரென்று கேட்ட சத்தம், அடுப்புக்கு நேர் மேலே வந்ததும் பொத்தென்று மாறியது. அங்கே பூச்சை உடைத்துப் பார்த்தால் உள்ளே கான்கிரீட் இளஞ்சிவப்பாக இருந்தது. கலவையில் உள்ள கல்லைப் பொறுத்து, சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய கான்கிரீட் இப்படி நிறம் மாறும் என்றார். அப்படி இழந்த வலு, ஆறிய பிறகும் திரும்பாதாம். விரலால் நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து வந்தது, கம்பி தெரிந்தது. அதன் மேல் வெள்ளையடித்துவிட்டு அடியில் நின்று சமைக்க என் குடும்பத்தாரை நான் அனுப்ப மாட்டேன்.

வலுவிழந்த பகுதியை வெட்டியெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, விதி கேட்கும் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்) கனத்தோடு புதிதாகக் கான்கிரீட் போட வேண்டும் என்பது அவருடைய அறிக்கை. பழைய தளத்தில் கம்பிக்குக் கீழே இருந்த கவர், இன்றைய விதி கேட்பதைவிடக் குறைவு. பழைய அளவுக்கே பணம் தருவோம் என்கிறீர்கள். ஆனால் அந்த அளவில் போட்டால் அனுமதி கிடையாது என்று உள்ளாட்சிக் கட்டட அலுவலர் விதி எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதத்தின் நகலை ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பியும், உங்கள் பதிலில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மின்சாரத்திலும் இதே கதைதான். சுவிட்ச் போர்டு உருகிச் சுவரோடு ஒட்டிக்கிடக்கிறது. எரிந்த லைனுக்குப் புது வயர் இழுத்து, எர்த்திங் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தினால்தான் இணைப்பை மீண்டும் தருவார்கள். அது பழைய வீட்டில் இல்லை என்பது உண்மை. ஆனால் தீப்பிடித்திராவிட்டால் என்னிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

மேம்பாடு எது என்பது எனக்கும் தெரியும். சமையலறையை அகலப்படுத்தினால் அது என் ஆசை, அந்தச் செலவும் என்னுடையது. பால்கனிக் கைப்பிடியை விதிப்படி உயர்த்தும் வேலையை ஒப்பந்ததாரர் மதிப்பீட்டில் சேர்த்திருந்தார். தீ அந்தப் பக்கம் எட்டவில்லை என்பதால் நானே அதை அடித்துவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்பினேன். மீதமுள்ளவை எல்லாம் எரிந்த இடத்தைச் சட்டப்படி சரிசெய்யத் தேவையானவை. இந்தச் செலவுக்காகவே பாலிசியில் தனிப் பிரிவும் தனி வரம்பும் இருக்கின்றன. ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அதற்குக் கூடுதல் பிரீமியம் வாங்கியிருக்கிறீர்கள்.

போனில் பேசிய உங்கள் அதிகாரி, வேலையை முடித்து ரசீது தந்தால் பார்க்கலாம் என்றார். விதிச் செலவு வேலை முடிந்த பிறகே வழங்கப்படும் என்று பாலிசியில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தருவீர்களா மாட்டீர்களா என்றே தெரியாமல் எந்த ஒப்பந்ததாரர் தளத்தை உடைப்பார்? வேலையை முடிக்கப் பாலிசி தந்த கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பதிலுக்குக் காத்திருந்த நாட்களையும் அதிலேயே கழிக்கிறீர்கள். இதுதான் எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருகிறது.

தேய்மானத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய பெயின்டுக்கும் அலமாரிக்கும் கழித்ததை ஏற்கிறேன். இடிபாடு அள்ளும் கூலியிலும், தளத்துக்கு முட்டுக் கொடுக்கும் செலவிலும் அதே விகிதத்தைக் கழித்திருக்கிறீர்களே, இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு வயது ஏது? அனுமதிக் கட்டணமும் பொறியாளர் மேற்பார்வைக் கட்டணமும் உங்கள் மதிப்பீட்டில் விட்டே போயிருக்கின்றன. உங்கள் விலைப்பட்டியலில் உள்ள விலைக்கு இந்த வேலையைச் செய்ய மூன்று ஒப்பந்ததாரர்களைக் கேட்டேன், மூவரும் மறுத்துவிட்டார்கள். அவர்களின் மதிப்பீடுகளை இணைத்துள்ளேன். அந்த விலைக்குச் செய்யக்கூடியவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அனுப்புங்கள், நாளையே வேலையை ஒப்படைக்கிறேன்.

எனவே கட்டமைப்பு தெரிந்த ஒருவரை அனுப்பி, என் பொறியாளரும் உடனிருக்க, தளத்தை மறுபடி ஆய்வு செய்யுங்கள். கட்டட அலுவலர் குறிப்பிட்ட ஒவ்வொரு பணியையும் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதையும், மறுத்தால் பாலிசியின் எந்த வாசகத்தின்படி என்பதையும் எழுத்தில் தாருங்கள். ஏற்கும் பணிகளுக்கு, முடிந்ததும் பணம் தரப்படும் என்ற உறுதிக்கடிதம் வேண்டும். தாமதமான நாட்களைக் கெடுவோடு கூட்டித் தாருங்கள். சர்ச்சையில்லாத தொகையை இப்போதே விடுவியுங்கள். அதைப் பெறுவதால் மீதித் தொகைக்கான என் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இதே கோப்பைக் காப்பீட்டுக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கொண்டுசெல்வேன். பெயர்ந்து விழுந்த கான்கிரீட் சில்லைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வருபவரிடம் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்

இணைப்பு: பொறியாளர் அறிக்கை, கட்டட அலுவலர் கடிதம், மூன்று மதிப்பீடுகள், புகைப்படங்கள்