டைனக்கோ ஸ்டீரியோ 70 சீரமைப்பு: கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் இயங்கிய டைனக்கோ நிறுவனம் 1959-ல் வெளியிட்ட ஸ்டீரியோ 70 வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் ஒன்றைச் சீரமைத்து முடித்திருக்கிறோம். சேனலுக்கு 35 வாட் என்ற பழைய கணக்கு இப்போது குறைவில்லாமல் கிடைக்கிறது. உதவியவர்களில் பெரும்பாலோர் பெயர் வேண்டாம் என்றார்கள். அதனால் அவரவர் செய்ததைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். இதே பெட்டி வேறு யார் வீட்டிலாவது பரணில் இருக்கலாம்; அவர்களுக்கு உதவட்டும் என்று அளவுகளையும் சேர்த்திருக்கிறோம்.

முதல் நன்றி டிரான்ஸ்பார்மர் சுற்றித் தந்த பெரியவருக்கு. இந்தப் பெட்டி 117 வோல்ட்டுக்குச் செய்தது. கடையில் கிடைக்கும் பாதிக்குப் பாதி ஸ்டெப்-டவுனைப் போட்டால், இரவில் லைன் 245-க்கு ஏறும்போது உள்ளே 122-க்கு மேல் போகும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் இழை அதைத் தாங்கிவிடும். ஆனால் ஹைடென்ஷனும் (வால்வின் ஆனோடுக்குப் போகும் உயர் வோல்டேஜ்) கூடவே ஏறும், நம் 50 ஹெர்ட்ஸில் பவர் டிரான்ஸ்பார்மரின் சூடும் கூடும். அவர் 300 விஏ-யில், முதன்மைச் சுற்றில் 220, 230, 240 என மூன்று டேப் (இடை இணைப்பு) வைத்து, லோடு கொடுத்த நிலையில் 115 வோல்ட் வரும்படி சுற்றித் தந்தார். ஒரே சுற்றுள்ள ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வேண்டாம், இரண்டு சுற்றும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் கறார். வால்வு சூடான பிறகு ஹீட்டர் முனையில் அளந்தால் 6.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது.

சென்னை ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் விற்கும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. பெரிய கண்டன்சர் (மின்தேக்கி) கேட்டுப் போன எங்களைத் தடுத்து நிறுத்தியவர் அவர். மூலப் பெட்டியில் இருப்பது ஒரே டப்பாவுக்குள் நான்கு பகுதி: 30, 20, 20, 20 மைக்ரோ ஃபாரட், 525 வோல்ட். இப்போது வரும் மாற்றில் 80, 40, 30, 20 இருக்கும். அந்த 80-ஐ, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வான ஜிஇசட்34-க்கு நேர் பின்னால் போடவே கூடாது. ஜிஇசட்34 தாங்குவது 60 மைக்ரோ ஃபாரட் வரைதான். அதற்கு மேல் போனால் ஸ்விட்ச் போட்ட கணமே வால்வுக்குள் பொறி பறக்கும். முதலில் 30 அல்லது 40, சோக்குக்கு (மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும் கம்பிச்சுருள்) அப்புறம் 80. டயோடு விஷயத்திலும் அவர் யோசனைதான் எடுபட்டது. ஜிஇசட்34-இன் ஒவ்வொரு ஆனோடோடும் 1என்4007 டயோடைத் தொடராகச் சேர்த்தால், வால்வு ஷார்ட் ஆனாலும் டிரான்ஸ்பார்மர் பிழைக்கும். டிரான்ஸ்பார்மரின் ஹைடென்ஷன் சுற்று 360-0-360 வோல்ட் (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 360). எதிர்த்திசையில் வரும் உச்சம் 1,018 வோல்ட், ஒரு டயோடு தாங்குவது 1,000. அதனால் பக்கத்துக்கு இரண்டு. டயோடு ஒன்றின் விலை டீக்காசு கூட வராது, இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

பயாஸ் (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் நெகட்டிவ் வோல்டேஜ்) பகுதியை விளக்கி வரைபடம் போட்டுத் தந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர் அம்மாவுக்குத்தான் இந்த மடலில் பெரிய பங்கு. ஸ்டீரியோ 70-இன் பலவீனம் முழுக்க அங்கேதான். அதிலுள்ள செலினியம் ரெக்டிஃபையர் வயதாகித் தளர்ந்தால் நெகட்டிவ் வோல்டேஜ் குறையும். வால்வில் கரண்ட் ஏறும், அவுட்புட் வால்வான இஎல்34-இன் பிளேட் (ஆனோடு) சிவக்கும், கடைசியில் விலை கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். செலினியத்தை எடுத்துவிட்டு 1என்4007 போடும்போது கோடு போட்ட முனை டிரான்ஸ்பார்மர் பக்கம் இருக்க வேண்டும். பயாஸ் நெகட்டிவ் என்பதால் 50 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர்கள் இரண்டிலும் பாசிட்டிவ் முனைதான் சேசிஸுக்குப் போகும். பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டால் கண்டன்சர் வெடிக்கும். சிலிக்கான் டயோடில் வீழ்ச்சி குறைவு என்பதால் வோல்டேஜ் சற்றுக் கூடும், பயாஸைத் திருகி வைக்கும் பிரீசெட் ஓரத்துக்குப் போய் நின்றுவிடும். நடுவிலிருக்கும் 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டரைக் கொஞ்சம் உயர்த்தினால் மறுபடி நடுவுக்கு வரும்.

கையேடு சொல்லும் 1.56 வோல்ட்டை அப்படியே நம்பாதீர்கள் என்றார் அம்மா. ஒரு சேனலின் இரண்டு வால்வுக்கும் பொதுவாக ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர், அதில் 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 1.56. ஒன்றில் 70, மற்றதில் 30 ஓடினாலும் மீட்டர் அதே 1.56-தான் காட்டும். 70 ஓடும் வால்வில் 430 வோல்ட்டில் 30 வாட்; இஎல்34-இன் வரம்பு 25. மேலும் இரண்டு பக்கமும் சமமில்லாத டிசி அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகத்தை நிறைக்கும், பேஸ் மெலிந்துவிடும். அவர் சொன்னபடி ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் (எலக்ட்ரான் வெளிவரும் முனை) தனித்தனி 10 ஓம், 1 சதவீத ரெசிஸ்டரும், வால்வுக்கு ஒரு பிரீசெட்டும் வைத்தோம். ஒவ்வொன்றிலும் 0.40 வோல்ட், அதாவது 40 மில்லி ஆம்பியர், சுமார் 17 வாட். காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை, வால்வின் ஆயுள் கூடும்.

இஎல்34-களுக்கு சிக்னல் கொடுக்கும் டிரைவர் வால்வு 7199 இப்போது எளிதில் கிடைப்பதில்லை. தன் பெட்டியிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுத்து, டெஸ்டரிலும் போட்டுக் காட்டிய ரேடியோ மெக்கானிக் ஐயாவுக்கு எங்கள் வணக்கம். கிடைக்காதவர்கள் 6ஜிஎச்8ஏ போடலாம். பின் வரிசை வேறு என்பதால் அடாப்டரோ புதிய போர்டோ தேவை. பழைய போர்டை வைத்துக்கொண்டால் அயர்னை அதிக நேரம் அழுத்தாதீர்கள், செம்புத் தடம் உரிந்து வரும். டிரைவரிலிருந்து இஎல்34-க்கு சிக்னலைக் கடத்தும் 0.1 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கண்டன்சர்கள் நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். அதில் துளி கசிந்தாலும் இஎல்34-இன் கிரிட் (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) பாசிட்டிவ் பக்கம் நகரும், பயாஸ் எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. சிக்னலை எதிரெதிரான இரண்டாக்கும் ஃபேஸ் பிரிப்பானின் 47 கே ரெசிஸ்டர் ஜோடி ஒன்றுக்கொன்று 1 சதவீதத்துக்குள் பொருந்தட்டும்.

டைனக்கோ இதைக் கிட்டாகவும் விற்றது. வாங்கியவரே ஈயம் வைத்திருப்பார் என்பதால் ஒயரிங்கை யார் வேலை என்றே தெரியாத வேலையாகத்தான் பார்க்க வேண்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் நீலக் கம்பியும் நீலவெள்ளைக் கம்பியும் இடம் மாறினால் ஃபீட்பேக் (அவுட்புட்டிலிருந்து முன்பகுதிக்குத் திரும்பும் சிக்னல்) தலைகீழாகி ஊளையிடும். அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பும், ஸ்பீக்கருக்குப் பதிலான 8 ஓம் 50 வாட் டம்மி லோடும், வோல்டேஜை மெல்ல ஏற்றும் வேரியாக்கும் இரவல் தந்த கல்லூரி ஆய்வகத்துத் தம்பிகளால் இதை ஸ்பீக்கரைப் பணயம் வைக்காமல் சரிபார்க்க முடிந்தது. 8 ஓமில் 16.7 வோல்ட் வந்தால் 35 வாட். லோடு இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். முதல் மின்சாரம் தொடராக இணைத்த சீரீஸ் பல்பு வழியாகத்தான். எல்இடி அல்ல, பழைய குண்டு பல்பு.

மூன்று பின் கம்பியும் எர்த்தும் போட்டுத் தந்த எலக்ட்ரீஷியனுக்கும், சேசிஸை மெருகேற்றிய நிக்கல் பட்டறைக்கும் நன்றி.

இஎல்34-ஐ மூன்று முனை வால்வாக ஓட்டும் ட்ரையோடு ஸ்விட்ச், விலையுயர்ந்த எண்ணெய்க் கண்டன்சர் என்று ஆலோசனை சொன்னவர்களின் அக்கறைக்கும் நன்றி. ட்ரையோடில் பவர் பாதியாகும், இந்த வீட்டு ஸ்பீக்கருக்கு அது போதாது. டைனக்கோவின் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் ஹாஃப்லர் அல்ட்ராலீனியராக (அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இடை இணைப்பை வால்வின் ஸ்கிரீன் முனைக்குக் கொடுக்கும் முறை) வைத்ததை அப்படியே விட்டுவிட்டோம்.

எட்டு வோல்டேஜ் அளவுகள் எழுதிய தாளை அடித்தகட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். கழற்றிய பாகங்கள் பெயரெழுதி ஒரு பையில் பெட்டியோடு தரப்பட்டுள்ளன. இரவல் வால்வு டெஸ்டரும் வேரியாக்கும் இந்த வாரம் திரும்பி வரும்.

நன்றியுடன்,
சீரமைப்பில் ஈடுபட்ட நண்பர்கள்