பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம்: கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கை நிலுவைத் தொகையில் தொடங்கிப் பதவி உயர்வில் முடியும். இந்த ஆண்டு அந்த இரண்டையும் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சென்ற ஆண்டு அறிக்கையின் அந்தப் பக்கங்களை மறுபடி வாசித்தாலே போதும். செயற்குழு தேர்வு மாதங்கள் தவிர மற்ற மாதங்களில் கூடியது. சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. வராதவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும். இனி இந்த அறிக்கை முழுக்க லீவு பற்றியதுதான்.

நம் வரலாற்றுத் துறை இணைப்பேராசிரியர் ஒருவர் 2024 ஜூனில் சபாட்டிக்கல் லீவு, அதாவது ஆய்வுக்காகச் சம்பளத்தோடு தரும் நீண்ட விடுப்பு, கேட்டு எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து நம் கிளையில் அதுதான் முதல் விண்ணப்பம். ஃபைல் அலுவலகத்துக்குப் போன மறுநாளே எனக்குப் போன் வந்தது. "சார், இது மெடிக்கலா, ஈ.எல்.லா (ஈட்டிய விடுப்பா)? எந்தத் தலைப்புல போடறது?" கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். யாருமே கேட்காத லீவுக்கு எந்த அலுவலகத்தில் படிவம் இருக்கும்?

ஆனால் விதி தெளிவாகவே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைப்படி, இணைப்பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு ஆண்டு பணி முடித்த நிரந்தர ஆசிரியருக்கு ஆய்வுக்காக இந்த விடுப்பு தரலாம். ஒரு தடவைக்கு ஓராண்டு, பணிக்காலம் முழுவதற்கும் இரண்டு ஆண்டு. முழுச் சம்பளம், படிகள் உண்டு. இன்கிரிமென்ட் உரிய தேதியில் வரும். திரும்பி வந்து சேர்ந்தால் ஓய்வூதியத்துக்கும் அந்தக் காலம் கணக்கில் வரும். என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும், முடிந்ததும் என்ன செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும். இடையில் வேறு எங்கும் நிரந்தர வேலையில் சேரக் கூடாது. அவ்வளவுதான்.

இதில் "தரலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "தர வேண்டும்" என்று எழுதவில்லை. நம் ஃபைல் ஆறு மாதம் சுற்றியதற்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

ஏழு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பொதுக்குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். ஆறு ஆண்டு விதைத்துவிட்டு ஏழாம் ஆண்டு நிலத்தைச் சும்மா போட வேண்டும் என்று பைபிளில் லேவியராகமத்தில் இருக்கிறது. அந்த ஓய்வு ஆண்டிலிருந்துதான் பெயரும் வந்தது, ஏழும் வந்தது. பல்கலைக்கழகங்களில் இதை 1880-இல் தொடங்கி வைத்தது ஹார்வர்டு. அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து ஹார்வர்டுக்கு வந்து சேர்ந்தவர் சார்லஸ் லான்மன் என்ற சமஸ்கிருத அறிஞர். பிற்பாடு இந்தியா வந்து, சமஸ்கிருத, பிராகிருதச் சுவடிகளை வாங்கி ஹார்வர்டு நூலகத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். நம் நாட்டு ஏடுகளைப் படிக்க அவர்களுக்கு அவகாசம் இருந்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபைல் மூன்று தடவை திரும்பி வந்தது. முதல் தடவை, ஆய்வுத் திட்டத்தை இணைக்கவில்லை என்று. அது நம் தவறு. நான்தான் "முதலில் விண்ணப்பத்தைக் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தேன். இரண்டாம் தடவை, நம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சின்டிகேட் இந்த விதியை ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் நகல் வேண்டும் என்று. அவர்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டிய நகலை நாம் தேடி எடுத்துக் கொடுத்தோம். மூன்றாம் தடவை, இவருடைய பாடங்களை வகுப்பில் யார் எடுப்பார்கள் என்று. அதற்குத்தான் யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை அலுவலகம் மட்டும் கேட்கவில்லை. துறைக் கூட்டத்தில் நம் உறுப்பினர்களே கேட்டார்கள். "அவங்க மெட்ராஸ்ல உட்கார்ந்து படிப்பாங்க, நாங்க இளிச்சவாயனுங்க மாதிரி பதினாறு மணி நேரத்தோட இன்னும் நாலு மணி நேரம் எடுக்கணுமா?" பேச்சு கரடுமுரடுதான், ஆனால் கணக்கு தப்பில்லை. காலிப் பணியிடங்களால் ஏற்கெனவே பாதி ஆளாக நிற்கும் துறையில் ஒருவருக்கு லீவு கொடுத்தால், அது மற்றவர்கள் கைக்காசு போட்டுக் கொடுக்கும் லீவாகிவிடுகிறது. நம் சங்கம் இத்தனை ஆண்டும் லீவைத் தனி மனிதரின் உரிமையாக மட்டுமே பேசி வந்தது. மாற்று ஆளைக் கேட்டு ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை. பழைய மினிட்ஸ் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தலைவரும் நானும் இரண்டு முறை பதிவாளரைப் பார்த்தோம். கடைசியில் கேட்டது ஓராண்டு, கிடைத்தது ஒரு செமஸ்டர், 2025 ஜனவரியிலிருந்து. விண்ணப்பித்த அந்த மேடம் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்து ஏரிப் பராமரிப்பு பற்றிப் படித்தார். ஃபைல் எடுத்துத் தருவது அலுவலக நேரத்தில்தான். அந்த நேரத்தில்தான் நமக்கு வகுப்பு. கோடை விடுமுறையில் போகலாமே என்பவர்கள், விடைத்தாள் திருத்தும் முகாம் எந்த மாதம் நடக்கிறது என்று யோசித்துப் பார்க்கட்டும். ஆறு மாதத்தில் பாதிக் கட்டுகளைத்தான் பார்க்க முடிந்ததாம். மீதி ஆறு மாதத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏழு ஆண்டு என்பது இணைப்பேராசிரியர் ஆன பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. பிஎச்.டி.யோடு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் அந்த நிலைக்கு வரச் சட்டப்படியே மூன்று படியாக 4, 5, 3 என்று 12 ஆண்டு ஆகும். அதோடு 7. வேலை கிடைக்கும்போது 35 வயது என்றால் முதல் சபாட்டிக்கலுக்கு 54 வயது. பதவி உயர்வு ஃபைல் தூங்கினால் அதுவும் தள்ளிப்போகும். அறிக்கையின் தொடக்கத்தில் பதவி உயர்வை விட்டுவிட்டேன் என்று நினைத்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இளையவர்களுக்கு இருப்பது படிப்பு விடுப்பு. மூன்று ஆண்டு பணிக்குப் பிறகு கேட்கலாம். முதலில் இரண்டு ஆண்டு, முன்னேற்றம் இருந்தால் இன்னும் ஒன்று. திரும்பி வந்து குறைந்தது மூன்று ஆண்டு வேலை செய்வதாக பாண்டு எழுத வேண்டும். சொத்தோ வங்கி உத்தரவாதமோ காட்ட முடியாதவருக்கு இரண்டு நிரந்தர ஆசிரியர்கள் ஜாமீன் போடலாம். இந்த ஆண்டு அப்படி ஒருவருக்கு நானும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டோம். "என் தம்பி லோனுக்குப் போட மாட்டேன்னீங்களே" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அதே ஆசிரியருக்கு இரண்டு மாதம் சம்பளம் நின்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெறியாளர் தரும் முன்னேற்ற அறிக்கை பதிவாளருக்குப் போகாவிட்டால் விடுப்புச் சம்பளத்தைத் தள்ளிவைக்கலாம் என்று விதி. நெறியாளர் ஊரில் இல்லை, கையெழுத்து தாமதம். படிப்பு விடுப்பில் இருப்பவர்கள் இந்தத் தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள்.

மகப்பேறு விடுப்பு பற்றி: யு.ஜி.சி. விதியில் 180 நாள். தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் தருகிறது. நமக்கும் அந்த 12 மாதமே வேண்டும் என்ற மனுவை மகளிர் அணி கொடுத்திருக்கிறது, பதில் வரவில்லை. ஈட்டிய விடுப்பு சரண்டர், அதாவது எடுக்காத விடுப்பைப் பணமாக்குவது, 2020-இல் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்டது. அதை 2025 அக்டோபர் 1 முதல் 15 நாளுக்குத் திரும்பத் தருவதாக அரசு அறிவித்திருக்கிறது. நம் பல்கலைக்கழகத்துக்கான உத்தரவு கைக்கு வரும்வரை யாரும் அந்தப் பணத்தை நம்பிச் சீட்டுப் போட வேண்டாம்.

மேடம் லீவில் இருந்த செமஸ்டரில் அவருடைய வகுப்புகளை எடுத்தவர் நிரந்தரப் பணியில் இல்லாத ஒரு கௌரவ விரிவுரையாளர். மார்ச் மாதக் கூட்டத்துக்கு அவரை அழைத்திருந்தோம். அவர் பேசியது இரண்டு நிமிடம்தான். "சார், நீங்க லீவு எடுத்தாத்தான் எனக்கு வேலை. நான் லீவு எடுத்தா எனக்குச் சம்பளம் இல்ல." அந்த மாதத்தில் மூன்று நாள் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாராம், மூன்று நாளும் கழித்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதும் யாரும் அதிகம் பேசவில்லை. நம் துணைவிதிப்படி அவர் உறுப்பினராக முடியாது.

அதனால் இன்று இரண்டு தீர்மானங்கள். ஒன்று, சபாட்டிக்கலோ படிப்பு விடுப்போ அனுமதிக்கும் அதே உத்தரவில் மாற்று ஆசிரியருக்கான நிதியும் இருக்க வேண்டும், அவருக்குத் தற்செயல் விடுப்பும் இருக்க வேண்டும். மற்றது, துணைவிதியைத் திருத்திக் கௌரவ விரிவுரையாளர்களைச் சேர்ப்பது. இரண்டாவதற்குச் செயற்குழுவிலேயே எதிர்ப்பு உண்டு. நான் ஆதரவாக வாக்களிப்பேன்.

சபாட்டிக்கல் விண்ணப்ப மாதிரியை, ஆய்வுத் திட்டப் பக்கத்தையும் சேர்த்து, நகல் எடுத்துப் பின் மேஜையில் வைத்திருக்கிறேன். ஏழு ஆண்டு முடித்தவர்கள் இணைப்பேராசிரியரான தேதியை என்னிடம் எழுதிக் கொடுங்கள். ஒரே துறையில் இருவர் ஒரே செமஸ்டரில் கேட்காதபடி வரிசை போட வேண்டும். இதுவரை இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் வேதியியல்.

அடுத்துப் பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்