இடது பக்கம் அடங்கிப்போன ஆம்ப்ளிஃபயர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். வாடகை வீடு பார்க்கும்போது சொல், அங்கே எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

சரி, செட்டுக்கு வருகிறேன். உன் அப்பா பர்மா பஜாரில் வாங்கிய அந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் சத்தம் கம்மி, மெக்கானிக் கப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம். கோளாறு எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றினால், பழைய கோளாறோடு புதிதாக ஒன்றும் சேரலாம். அப்புறம் எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்பது வயது தாண்டிய செட்டில் ஒரு பக்கம் மட்டும் அடங்கினால், நான் முதலில் சந்தேகப்படுவது சுவிட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), வால்யூம் கண்ட்ரோல் இவற்றின் காண்டாக்டுகளை, அதாவது உள்ளே தொட்டு இணையும் இடங்களைத்தான். டிரான்சிஸ்டரும் கப்பாசிட்டரும் அதற்குப் பிறகு.

மூடியைத் திறக்காமலே பாதி வேலை முடியும். செட்டை அணைத்துவிட்டு, பின்னால் இன்புட் கேபிள்களை இடம் வலம் மாற்றிச் செருகு. சத்தக் குறைவு வலது ஸ்பீக்கருக்குப் போனால், குற்றம் பாட்டு வரும் டேப் டெக்கிலோ கேபிளிலோ இருக்கிறது, ஆம்ப் தப்பித்தது. இடது பக்கத்திலேயே இருந்தால் கேபிளைப் பழையபடி செருகிவிட்டு, ஸ்பீக்கர் வயர்களை மாற்று. இப்போதும் அதே ஸ்பீக்கர் பெட்டி மெதுவாகப் பாடினால் பெட்டியைப் பார். மற்ற பெட்டி மெதுவானால் ஆம்ப்தான்.

ஆம்ப்தான் என்று தெரிந்தால், இடம் வலம் இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் மோனோ சுவிட்சை அழுத்து. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இரண்டு பக்கமும் சமமானால், கோளாறு அந்த சுவிட்சுக்கு முன்னால் இருக்கிறது. சமமாகவில்லை என்றால் அதற்குப் பின்னால். ஒரே அழுத்தலில் சர்க்யூட்டில் பாதியை மறந்துவிடலாம்.

அடுத்து வால்யூமை மெல்லத் திருப்பிக் கேள். கீழே இருக்கும்போது இடது பக்கம் கம்மியாகவும், நடுவுக்கு வரும்போது சமமாகவும் இருந்தால் வால்யூம் கண்ட்ரோலுக்குள் இடதுக்கும் வலதுக்கும் உள்ள இரண்டு தடங்களும் ஒன்றுபோல் ஓடவில்லை என்று பொருள். அழுக்கு என்றால் கிளீனரில் சரியாகும். தேய்மானம் என்றால் மாற்ற வேண்டியதுதான். அதே அளவுக் கண்ட்ரோல் கிடைப்பது கஷ்டம், அதனால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே. இன்னொன்று: பாட்டை ஒரு நொடி உரக்க வைத்ததும் இடது பக்கம் சட்டென்று உயிர் பெற்று, சத்தத்தைக் குறைத்த பிறகும் அப்படியே இருந்தால், அது அநேகமாக ஸ்பீக்கர் ரிலே அல்லது டேப் மானிட்டர் சுவிட்சில் (டேப்பைக் கேட்க மாற்றும் சுவிட்ச்) படிந்த படலம். அதிக சிக்னல் அதை உடைத்துக்கொண்டு போகிறது, சில நாளில் மறுபடி மூடிக்கொள்ளும்.

பின்பக்கம் ப்ரீ அவுட் (ஆம்பின் முன் பகுதியிலிருந்து சிக்னல் வெளியே வரும் வழி), மெயின் இன் (பவர் பகுதிக்குள் போகும் வழி) என்று இரண்டு ஜோடித் துளைகளும், அவற்றை இணைக்கும் உலோகக் கம்பியும் இருக்கிறதா பார். அந்தக் காலத்து மராண்ட்ஸ், சான்சுய் பலவற்றில் இருக்கும். கம்பியைக் கழற்றித் துடைத்துச் செருகு.

கிளீனர் என்றால் ரிச்சி தெருவில் கிடைக்கும் எலக்ட்ரானிக்ஸ் காண்டாக்ட் கிளீனர். வீட்டில் கீல்களுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே கூடவே கூடாது. அது ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ட்ரோலின் முதுகில் உள்ள துளை வழியாகச் சிறிது அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலமுறை திருப்பு. சுவிட்சுகளுக்கும் அப்படியே. ரிலேவுக்கு உப்புத்தாள் போடாதே, மேல்பூச்சு போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாள் துண்டைக் காண்டாக்டுகளுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்தால் கறுப்புக் கோடு தாளில் வரும். கோடு வராத வரை இழு. காண்டாக்ட் குழி விழுந்திருந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளுக்கு (காயில்) அதே வோல்டேஜ் உள்ள புது ரிலே போடுவதுதான் முறை. மூடி திறந்திருக்கும்போது பெரிய ஃபில்டர் கப்பாசிட்டர்களிடம் கை போகக் கூடாது. பிளக்கை எடுத்த பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும்.

இதெல்லாம் முடிந்தும் சரியாகவில்லை என்றால்தான் மல்டிமீட்டர். ஸ்பீக்கர்களைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் டிசி வோல்டேஜ் பார். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. அதிகம் என்றால் ஸ்பீக்கரை மாட்டாமல் எனக்குச் சொல். அடுத்து போனிலிருந்து 100 ஹெர்ட்ஸ் டோனை மோனோவில் கொடுத்து, பேலன்ஸை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஏசி வோல்டேஜ் எடு. வலது 1 வோல்ட், இடது 0.7 என்று வந்தால் வித்தியாசம் 3 டெசிபல், காதுக்கு நன்றாகவே தெரியும். வால்யூம் கீழே, நடுவில், சற்று மேலே என்று மூன்று இடங்களில் அளந்து எழுது. அதை வைத்து சர்க்யூட்டில் எந்த ஸ்டேஜில் (பகுதியில்) கோளாறு என்று சொல்லிவிடலாம். கப்பாசிட்டர்தான் என்று தெரிந்தால், எந்த இரண்டை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்கிடம் நாமே சொல்லலாம், அவரும் சந்தோஷமாகச் செய்வார்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். சால்டரிங் அயர்னும் மீட்டரும் எடுத்து வருகிறேன், அதுவரை செட்டை யாரிடமும் கொடுக்காதே. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்